டெஸ்ட் சர்வரில் யாருடைய ஆதார் எண்?

சிவகாசி பக்கம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலைக்குச் சம்பள ஆப் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதித்துப் பார்க்க டேட்டா வேண்டும். அவசரத்தில் இருக்கும் டீம் என்ன செய்யும்? தொழிலாளர்களின் நிஜப் பட்டியலை ஆதார், வங்கிக் கணக்கு எண்ணோடு அப்படியே காப்பி பண்ணி டெஸ்ட் சர்வரில் போட்டுவிடும்.

2015-ல், படைப்பாளிகளுக்கு ரசிகர்கள் பணம் அனுப்பும் பேட்ரியான் தளம் இப்படித்தான் மாட்டியது. வெளியாட்களும் திறக்க முடிந்த ஒரு சோதனைத் தளத்தில் நிஜ டேட்டாபேஸின் நகல் இருந்தது. ஹேக்கர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

பெயரை மட்டும் மாற்றினால் போதாதா? போதாது. சின்ன ஊரில் தெரு, ஆலை, வயது தெரிந்தாலே ஆள் யாரென்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள்.

அப்போ போலி டேட்டா? செய்யலாம், ஆனால் 'ஜான் ஸ்மித்' உதவ மாட்டார். இனிஷியல் போட்ட பெயர், பீஸ் ரேட் கூலி, தீபாவளி போனஸ், மழையில் வேலை இல்லாத வாரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆதார் சரிபார்ப்புக்கு ஆதார் ஆணையமே டெஸ்ட் எண்கள் தருகிறது.

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் டெஸ்ட் சர்வருக்கென்று தனி விலக்கு இல்லை. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. சேமித்து வைத்திருப்பதும் சட்டத்தின் கணக்கில் வரும் என்பதால், டெஸ்ட் சர்வரில் மறந்துபோய்க் கிடக்கும் பழைய நகல்களுக்கும் இது பொருந்தும்.