அவகாசம் உரிமை ஆகாது

தில்லியில் விதிகளை மீறி எழுந்த கட்டடங்களுக்கும், குடியிருப்புகளில் நடக்கும் வணிகத்துக்கும் நாடாளுமன்றம் முதன்முதலில் அவகாசம் அளித்தது 2006 மே மாதத்தில். ஓராண்டுக்கு மட்டுமே என்று சொல்லி இயற்றப்பட்ட சட்டம் அது. அந்த ஓராண்டு இன்னும் முடியவில்லை. 2007, 2009, 2011 என்று புதிய சட்டங்கள் வந்தன. பிறகு 2014, 2017, 2020 என்று கெடு தள்ளிப்போனது. 2023 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் அதனை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. அனுமதியற்ற குடியிருப்புகள், குடிசைப் பகுதிகள், கிராமங்களின் விரிவுப் பகுதிகள், சேமிப்புக் கிடங்குகள் என்று இந்தக் குடையின்கீழ் வந்தவை காலத்துக்குக் காலம் மாறின. ஆட்சிகளும் மாறின. நீட்டிப்பு மட்டும் மாறவில்லை.

இந்த நிலை எப்படி வந்தது? தில்லி வளர்ச்சிச் சட்டம் 1957-ல் இயற்றப்பட்டது. தலைநகரின் முதல் பெருந்திட்டம் 1962-ல் நடைமுறைக்கு வந்தது. எந்த இடத்தில் வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்கூடம், எங்கே பூங்கா என்று நகரம் முழுவதையும் அது வண்ணம் தீட்டிப் பிரித்தது. நிலத்தைக் கையகப்படுத்துவதும், மேம்படுத்துவதும், விற்பதும் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பாயின. ஆனால், பெருகிய மக்கள்தொகைக்கு ஏற்ற வணிக வளாகங்களை ஆணையம் கட்டித் தரவில்லை. நேரு பிளேஸ் போன்ற சில மையங்கள் எழுந்தன. நகரின் தேவையோ பன்மடங்காக இருந்தது. அரசு கட்டாத கடைகளை மக்கள் தங்கள் வீட்டு முன்னறையில் கட்டிக் கொண்டார்கள். மாநகராட்சி ஊழியர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். கண்டதற்குக் கூலி பெற்றவர்களும் உண்டு.

2006 பிப்ரவரி 16 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த நடைமுறையை உலுக்கியது. வீடுகளுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் நடைபெறும் வணிகத்துக்கு சீல் வைக்க நீதிமன்றம் ஆணையிட்டது. அதிகாரிகளின் உடந்தையின்றி இவ்வளவு பெரிய மீறல் நடந்திருக்க முடியாது என்றும் கண்டித்தது. மார்ச் மாதம் மூவர் கொண்ட கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டது. கடையடைப்பு, மறியல் என்று நகரம் கொந்தளித்தது. செப்டம்பர் மாதம் சீலம்பூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அதே மாதத்தில் 2,183 தெருக்களை வணிகத் தெருக்கள், கலப்புப் பயன்பாட்டுத் தெருக்கள் என்று தில்லி அரசு அறிவித்தது. 2007 பிப்ரவரி 7 அன்று வெளியான 2021-ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டம் கலப்புப் பயன்பாட்டுக்கு விரிவான விதிகளை வகுத்தது.

அந்த விதிகள் புரிந்துகொள்ள முடியாதவை அல்ல. குடியிருப்புகள் 'ஏ' முதல் 'ஜி' வரை வகைப்படுத்தப்பட்டுள்ளன. வசதி படைத்தோர் வாழும் 'ஏ', 'பி' பகுதிகளில் வீட்டைக் கடையாக்குவதற்குப் பெரும்பாலும் இடமில்லை. 'சி', 'டி' பகுதிகளின் முறையான மனைப்பிரிவுகளில் தெருவின் அகலம் 18 மீட்டராவது இருக்க வேண்டும். 'இ', 'எஃப்', 'ஜி' பகுதிகளில் 13.5 மீட்டர். பழைய நகரத்துக்கும் மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கும் இதைவிடக் குறுகிய அகலம் போதும். மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் தாங்கள் வசிக்கும் வீட்டின் ஒரு பகுதியில் தொழில் நடத்தத் தனி விதி உண்டு. அன்றாடப் பொருள்களை விற்கும் 20 சதுர மீட்டருக்கு மிகாத தரைத்தளக் கடைகளுக்கும் சலுகை உண்டு. அனுமதிக்கப்பட்ட இடத்திலும் மாற்றக் கட்டணமும் வாகன நிறுத்தக் கட்டணமும் செலுத்தியாக வேண்டும்.

சிக்கல் விதியில் இல்லை. விதிக்கும் அவகாசத்துக்கும் இடையே உள்ள குழப்பத்தில் இருக்கிறது. கிரயப் பத்திரம், நிலம் யாருடையது என்று சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்று சொல்லாது. சொத்து வரி ரசீதும், வணிக மின் இணைப்பும், தொழில் உரிமமும் நிலப் பயன்பாட்டை மாற்றிவிடா. பெருந்திட்டத்தில் அந்த மனை எந்த வகை, தெரு அறிவிக்கை செய்யப்பட்டதா, கட்டட வரைபடத்தில் அந்தத் தளம் எதற்காக அனுமதிக்கப்பட்டது, தீயணைப்புத் துறையின் ஒப்புதல் உண்டா என்னும் நான்கு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை வேண்டும். மூன்றுக்கு விடை இருந்து ஒன்றுக்கு இல்லையென்றாலும் கட்டடம் சட்டத்தின் நிழலில்தான் நிற்கிறது. நாடாளுமன்றம் தந்த அவகாசமோ நடவடிக்கையை நிறுத்திவைக்கிறதே தவிர, மீறலை முறையாக்கவில்லை. அதுவும் சட்டம் குறித்த கெடு நாளுக்கு முன்பு எழுந்தவற்றுக்கு மட்டுமே. பின்னர் கட்டியவருக்கு அந்தக் காப்பும் இல்லை.

இதை அறியாதவர்கள் கொடுத்த விலை பெரிது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்காணிப்புக் குழுவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. பதினோரு ஆண்டுகள் நிம்மதியாகத் தொழில் நடத்தியவர்களின் கதவுகளில் மறுபடியும் அரக்கு முத்திரை விழுந்தது. அதிகாரம் கைக்கு வந்தவர்களும் எல்லை மீறினர். வணிகத்துக்குப் பயன்படுத்தப்படாத தனியார் குடியிருப்புகளுக்கு சீல் வைக்க அந்தக் குழுவுக்கு அதிகாரமே இல்லை என்று 2020 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றமே கூற வேண்டியதாயிற்று. எது விதி, எது விலக்கு என்று தெளிவில்லாத நகரில் நேர்மையான உரிமையாளருக்கும் பாதுகாப்பில்லை.

பணத்தோடு முடிந்தால் போகட்டும் என்று விடலாம். 2019 டிசம்பரில் அனாஜ் மண்டியில் நெரிசலான குடியிருப்புகளுக்கு நடுவே தொழிற்கூடங்கள் இயங்கிய கட்டடம் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்தர் நகரில் மழை வெள்ளம் புகுந்து, குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூவர் உயிரிழந்தனர். தமிழகத்திலிருந்தும் ஆண்டுதோறும் இளைஞர்கள் சென்று தங்கிப் படிக்கும் பகுதி அது. பொருள்களை வைக்கவும் வாகனம் நிறுத்தவும் மட்டுமே அனுமதி பெற்ற தரைக்கீழ்த் தளத்தில் நூலகம் நடந்துவந்தது. அத்தளத்தின் உரிமையாளர்கள் நால்வரும் கைதாயினர். வாடகைக்கு விட்டதோடு தம் பொறுப்பு தீர்ந்தது என்று எந்த உரிமையாளரும் இனிமேல் எண்ண முடியாது. நிலப் பயன்பாட்டு விதி என்பது காகிதச் சடங்கு அன்று. ஒரு தளத்தில் எத்தனை பேர் இருக்கலாம், ஆபத்து நேர்ந்தால் எப்படி வெளியேறுவார்கள் என்ற கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது.

சீல் வைத்தால் பிழைப்பு போய்விடும் என்ற வணிகர்களின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஒரு கடையை நம்பி உரிமையாளர் மட்டும் இல்லை; ஊழியர்களும் சுமைதூக்குவோரும் அவர்களின் குடும்பங்களும் இருக்கின்றன. கடைகளுக்கு இடம் ஒதுக்காமல் நகரத்தை வளரவிட்ட அரசு, அவர்களை மட்டும் குற்றவாளிகளாக்குவது நியாயமும் ஆகாது. ஆனால், அவர்களின் பிழைப்புக்கு நிலையான பாதுகாப்பு தருவதற்கு மாறாக, மூன்றாண்டுக்கு ஒருமுறை கெஞ்சிப் பெறும் கருணையாக அதை வைத்திருப்பது யாருக்கு லாபம்? தேர்தலுக்கு முன் நீட்டிப்பை அறிவிக்கும் கட்சிகளுக்கு லாபம். கோப்பைத் திறக்கவும் மூடவும் விலை பேசும் ஊழியர்களுக்கு லாபம். தெளிவான விதி இருந்தால் இருவருக்குமே வேலையில்லை.

நீதிமன்றத்தின் பொறுமையும் எல்லையற்றதன்று. மீரட் நகரில் குடியிருப்பு மனையில் எழுப்பப்பட்ட கடைகள் தொடர்பான வழக்கில், 2024 டிசம்பர் 17 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, காலம் கடந்துவிட்டது என்பதோ பெரும் பணம் செலவாகிவிட்டது என்பதோ விதிமீறலை நியாயப்படுத்தாது என்று தெளிவாக்கியது. கட்டட நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் வழங்க வேண்டும் என்றும், தவறிழைத்த அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் நாடு முழுமைக்குமாக உத்தரவிட்டது. எனவே, அவகாசத்தை நம்பி முதலீடு செய்பவர் மணலில் கடைக்கால் போடுகிறார்.

2041-ஆம் ஆண்டுக்கான பெருந்திட்ட வரைவு 2021-ல் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட்டது. 2023 பிப்ரவரியில் வளர்ச்சி ஆணையம் அதற்கு ஒப்புதல் அளித்தது. ஆனாலும் 2021-க்கென எழுதப்பட்ட பழைய திட்டமே அந்த ஆண்டைக் கடந்தும் நகரத்தை ஆண்டது. இன்னொரு நீட்டிப்புச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்காது. எந்தத் தெருவில் எது அனுமதி என்பதை மனை எண் வாரியாக வரைபடத்தில் குறித்து எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். முறைப்படுத்தத் தக்கவற்றை ஒரே தடவையில் முறைப்படுத்தி, உயிருக்கு ஆபத்தானவற்றுக்கு மாற்றிடம் தந்து மூட வேண்டும். மாற்றக் கட்டணமாக வசூலித்த பணம், பெருந்திட்டமே கூறுவதுபோல், அந்தந்தப் பகுதியின் வாகன நிறுத்தத்துக்கும் அடிப்படை வசதிகளுக்கும் செலவிடப்பட வேண்டும். மீறலை அனுமதித்த அதிகாரியின் பெயரும் கட்டடக் கோப்பில் இடம்பெற வேண்டும்.

உரிமையாளர்கள் கேட்க வேண்டியது அடுத்த மூன்றாண்டுகளை அல்ல. 'இந்த இடத்தில் இது செய்யலாம், இது கூடாது' என்று அரசு கையெழுத்திட்டுத் தரும் ஒரு வரியை. அந்த ஒரு வரியைத் தர முடியாத அரசுக்கு, சீல் வைக்கும் தார்மிக உரிமையும் இல்லை. அவகாசம் தந்ததாகப் பெருமை கொள்ளும் உரிமையும் இல்லை.