வண்டிப்பாதையில வாங்க, பாறை மேல ஏத்தாதீங்க

ஞாயித்துக்கிழமை விடிஞ்சா எங்க மேலூர் பக்கம் ஹெல்மெட்டும் கலர் பனியனும் போட்ட சைக்கிள்காரங்க நாலஞ்சு பேராவது கண்ணுல படுறாங்க. பெரும்பாலும் மதுரைக்காரங்க. அழகர்கோயில் வரைக்கும் ரோட்டுல வந்து, அங்கருந்து மேலூர் ரோட்டைப் பிடிச்சு, அப்புறம் கண்மாய், ஓடை, களத்துமேடுன்னு மண்ணுல இறங்கிடுறாங்க. இதைப் பத்தி எங்க டீக்கடையில ரெண்டு கட்சி இருக்கு. "வந்துட்டுப் போகட்டுமே, பாவம் டவுன்ல மூச்சு முட்டிக் கெடக்குறவங்க" என்பது ஒண்ணு. "இவய்ங்களுக்கு இங்க என்ன சோலி" என்பது இன்னொண்ணு. என் கட்சி மூணாவது. வரணும்ங்கிறேன். ஆனா எந்தப் பாதையில வரணும்ங்கிறதுல கண்டிப்பா இருக்கணும்ங்கிறேன்.

மௌண்டன் பைக் என்பது ஒண்ணும் ஆகாயத்துல இருந்து குதிச்ச சாமான் இல்லை. 1970-களில் கலிபோர்னியாவுல மரின்ங்கிற பகுதியில சில இளவட்டங்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைக்கு மேல கொண்டுபோய், மண் பாதையில இறக்கி விளையாடினதுல பிறந்தது. அந்தக் கணக்குக்குப் பார்த்தா எங்க ஊர்ப் பால்காரர் அதுக்கு முன்னாடியே மௌண்டன் பைக் ஓட்டினவர்தான். ரெண்டு பக்கமும் பால்கேன், ஒண்ணரை அங்குல டயர், கியர் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. உங்க ரெண்டேகால் அங்குல டயர் தடுமாறுற ஓடைக்கல்லுல அவர் பீடியைக் கூட அணைக்காம தாண்டிப் போவார். கிண்டலுக்குச் சொல்லலை. அவர் போன அந்தப் பாதைதான் இங்க விஷயமே.

முதல்ல நீங்க வந்து சேர்ற பூமி எதுன்னு சொல்லிடுறேன். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்ல அரிட்டாபட்டி. ஏழு மலை சூழ்ந்த ஊர். கழிஞ்சமலைக் குகைத்தளத்துல சுமார் 2,200 வருசத்துக்கு முந்தின தமிழ்பிராமி எழுத்து இருக்கு. பாண்டியர் காலத்துக் குடைவரை சிவன் கோயில் ஒண்ணு இருக்கு, இடைச்சி மண்டபம்னு சொல்வோம். அதுல லகுலீசர் சிற்பம் உண்டு, தமிழ்நாட்டுல அபூர்வம். பாறையில சமணத் தீர்த்தங்கரர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார், அச்சணந்திங்கிற துறவி செய்வித்தது. அதுக்குக் கீழ இருக்கிற வட்டெழுத்துல, இதைக் காக்கிற பொறுப்பு பாதிரிக்குடி ஊராருக்குன்னு எழுதியிருக்கு. ஆயிரம் வருசத்துக்கும் முன்னாடியே ஒரு மலையைக் காப்பாத்துற வேலையை ஒரு ஊர் தலையில கட்டியிருக்காங்க பாருங்க. 2022 நவம்பர்ல அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டு ஊரையும் சேர்த்து 193 ஹெக்டேரை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அரசு அறிவிச்சது.

இந்தப் பெருமையெல்லாம் போட்டோவுல வந்துடும். வராத ஒண்ணு வண்டிப்பாதை.

கிராமத்து வரைபடத்தையோ 'அ' பதிவேட்டையோ எடுத்துப் பாருங்க. ஓடை, கண்மாய், களம், சுடுகாடு மாதிரி வண்டிப்பாதையும் புறம்போக்குன்னு தனி நம்பரோட இருக்கும். ஊரிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து களத்துக்கு, இந்த ஊர்லருந்து அடுத்த ஊருக்கு மாட்டுவண்டி போன தடம். ஆட்டுக்கிடை போடுறவங்க நடந்த தடம். பொண்ணு எடுத்த ஊருக்கும் சந்தைக்கும் போன தடம். மாடு போச்சு, டிராக்டர் வந்துச்சு, தார் ரோடு வந்துச்சு. பாதையில ஆள் நடமாட்டம் குறைஞ்ச உடனே சீமைக்கருவேலம் ரெண்டு பக்கமும் கைகோத்துக்கிச்சு. மிச்சத்தை நாங்களே தின்னோம். எங்க வயலுக்குப் போற பாதை எங்க ஐயா காலத்துல பன்னெண்டடி. இன்னைக்கு அளந்தா ஏழடி தேறினா பெரிசு. எந்த வரப்பு எந்த வருசம் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். கேக்க மாட்டோம், எல்லாரும் பங்காளி. விளைவு என்னன்னா, கதிர் அறுக்கிற மிஷின் உள் வயலுக்குப் போக முடியாது. நடுவுல மாட்டின சின்ன விவசாயி அடுத்தவன் அறுத்து முடிக்கிற வரைக்கும் காத்துக் கெடக்கணும். விளைஞ்ச நெல்லு உதிர்ந்து போகும். அலுத்துப்போய் நிலத்தை விக்கிறவன் முதல்ல சொல்ற காரணமே "பாதை இல்லைங்க".

இதுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. பாதை உயிரோட இருக்கணும்னா அதுல ஆள் போகணும், அவ்வளவுதான். வாராவாரம் பத்து சைக்கிள் போற தடத்துல முள்வேலி போட எவனுக்கும் சட்டுனு கை வராது. நீங்க போன வழி உங்க போன்ல கோடா பதியுது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல யார் வேணும்னாலும் மண் பாதையைக் குறிச்சு வைக்கலாம். வருவாய்த்துறைப் பதிவேட்டுக்கு அது ஈடாகாது, தெரியும். ஆனா "இங்க பாதையே கெடையாது" என்று ஒருத்தன் சாதிக்கும்போது, இந்தத் தேதியில இத்தனை பேர் போயிருக்காங்கன்னு காட்ட ஒரு துரும்பாவது கையில இருக்கும்.

இங்கிலாந்துல இதை வேற விதமாப் பிடிச்சு வச்சிருக்காங்க. அங்க ஒத்தையடிப் பாதை, குதிரைப் பாதைன்னு மக்கள் போகவர உரிமை உள்ள வழிகளை அரசாங்க வரைபடத்துலயே பதிஞ்சிருக்கு, அது தனியார் வயலுக்கு நடுவுல போனாலும் சரி. 1968-ல வந்த கிராமப்புறச் சட்டம் குதிரைப் பாதையில சைக்கிளும் போகலாம்னு அனுமதிச்சது. கூடவே ஒரு நிபந்தனை: நடக்கிறவருக்கும் குதிரையில வர்றவருக்கும் சைக்கிள்காரர் வழி விடணும். எனக்கு இந்த நிபந்தனை ரொம்பப் பிடிச்சிருக்கு. நம்ம ஊருக்குக் குதிரைன்னு இருக்கிற இடத்துல ஆடு, மாடு, தலையில புல்லுக்கட்டோட வர்ற அக்காள்னு போட்டுக்கிட்டாப் போதும். புல்லுக்கட்டு வச்சிருக்கிறவங்களுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. பின்னாலருந்து வந்து விருட்டுனு கடந்தா பயந்து விழுந்துடுவாங்க. மணி அடிங்க. உங்க சைக்கிள்ல மணி இல்லைன்னா "அக்கா, வர்றேன்"னு குரல் குடுங்க. காசா பணமா?

சரி, எங்க போகக் கூடாது?

கண்மாய்க் கரை. காய்ஞ்சு இறுகிக் கெடக்கும்போது போகலாம், தப்பில்லை. மழை பெஞ்சு ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கமே வராதீங்க. ஈரக் களிமண்ணுல டயர் கிழிக்கிற கோடு சின்ன வாய்க்கால் மாதிரி. அடுத்த மழைத்தண்ணி அதுல ஓடி ஆழமாக்கும். இறக்கத்துல பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கிக்கிட்டு இறங்கினா இன்னும் மோசம், கரைச் சரிவு பேந்து வந்துடும். கரை உடைப்பு பெரிய ஓட்டையா ஆரம்பிக்கிறதில்லை, இப்படித்தான் ஆரம்பிக்கும். மேலூர் பக்கம் பெரியாறு தண்ணியை நம்பி ஒருபோகம்தான். அந்த ஒரு போகத்துக்கும் கண்மாய் நிக்கணும்.

அப்புறம் பாறை. மொட்டைப் பாறையில ஏறி இறங்குறது உங்களுக்கு ருசின்னு தெரியும். ஆனா அரிட்டாபட்டிப் பாறை விளிம்புகள்ல லகுடு, ஷாகீன் வல்லூறு, ராஜாளிப் பருந்தெல்லாம் கூடு வைக்குது. அதுங்க முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது குளிர்காலத்துலருந்து கோடைத் தொடக்கம் வரை. நீங்களும் அதே மாசங்கள்லதான் வெயில் இல்லைன்னு கிளம்பி வர்றீங்க. கூட்டுக்குக் கீழ கும்பலா நின்னு கத்தினாலோ, ட்ரோனை விட்டாலோ தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்து போயிடும். சைக்கிளை அடிவாரத்துல புளியமரத்தடியில சாத்திட்டு நடந்து ஏறுங்க.

கோயில் காட்டுக்கும் அதே பேச்சுதான். இடையப்பட்டி வெள்ளிமலைக் காட்டுல உசில மரம் அடைசலா நிக்குதுன்னா, சுள்ளி கூட ஒடிக்க மாட்டோம்ங்கிற பயபக்தி ஒரு காரணம். நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காடு வெறும் ஐந்து ஹெக்டேர்தான், 2025-ல அதுவும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆச்சு. செருப்பைக் கழட்டிட்டுப் போற இடத்துல டயரை உருட்டிக்கிட்டுப் போறது உங்களுக்கே நல்லா இருக்காது. அழகர்மலை காப்புக்காடு, அனுமதியில்லாம நுழைஞ்சா வனத்துறை பேசிக்கும், நான் பேச வேண்டியதில்லை.

"இவய்ங்களுக்கு என்ன சோலி"ங்கிற எங்க ஊர்க் கட்சிக்கும் பதில் சொல்லணும். 2024 நவம்பர்ல நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம்னு செய்தி வந்தப்ப, அந்த எல்லைக்குள்ள அரிட்டாபட்டியும் இருந்துச்சு. 2025 ஜனவரி 7-ந் தேதி ஆயிரக்கணக்குல சனங்க மதுரைக்கு நடந்தே போச்சு. அதே மாசம் 23-ந் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. நடந்தது நாமதான், சந்தேகமில்லை. ஆனா அந்த மலையில என்ன இருக்குன்னு வருசக்கணக்கா வந்து பார்த்து, எழுதி, படம் பிடிச்சு வச்ச வெளியூர்க்காரங்களும் இருந்தாங்க. அதுக்கு முன்னாடி கீழவளவுப் பக்கம் கிரானைட்டுக்காக மலையை அறுத்தப்ப பார்க்க யாரும் வரலை. 2012-ல முறைகேடு வெளிய வந்தப்போ மலையில பாதி இல்லை. யாரும் வராத இடத்துலதான் வெடி வைக்கிறது சுலபம்.

இப்ப புதுசா ஒரு பேச்சு காதுல விழுது. சைக்கிளுக்குன்னு தனியா 'ட்ரெயில்' போடணுமாம், வளைவு, மேடு, வரவேற்பு வளைவு, டிக்கெட் கவுண்டர். வேண்டவே வேண்டாம். அப்படி ஒண்ணு வந்தா முதல் வருசம் சிமெண்ட், ரெண்டாம் வருசம் பார்க்கிங், மூணாம் வருசம் ரிசார்ட். இருக்கிற வண்டிப்பாதையை முள் வெட்டி, அளந்து, கல் ஊனினாப் போதும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ல கிராமசபை கூடுது. "எங்க ஊர் வண்டிப்பாதை எல்லாத்தையும் பட்டியல் போட்டு ஆக்கிரமிப்பு எடுக்கணும்"னு ஒரு தீர்மானம் நாங்கதான் கொண்டு வரணும், ஓட்டு இங்கதானே இருக்கு. முதல் எதிர்ப்பு என் பங்காளிகிட்ட இருந்துதான் வரும்.

வர்றவங்களுக்கு ரெண்டு விஷயம். தை மாசம் அறுப்பு நேரம், மண் பாதையில வைக்கோல் பரப்பியிருந்தா அது மேல ஓட்டாதீங்க, இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க. அப்புறம், நெருஞ்சியும் கருவேல முள்ளும் எவ்வளவு விலை டயரா இருந்தாலும் மதிக்காது. பஞ்சர் ஒட்டுற சாமானும் ரெண்டு ட்யூபும் கையில இருக்கட்டும். எங்க ஊர் சைக்கிள் கடைக்காரர்கிட்ட உங்க சைஸ் ட்யூப் கிடையாது, ஆனா பஞ்சர் ஒட்டித் தருவார். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு மேலதான் கடை திறப்பார்.