சத்து மாத்திரைக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை



இனிப்புநீர் நம் சமூகத்தை எவ்வளவு அரித்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இனவாரியாக இந்தியர்களே முதலிடம்.

கிள்ளானில் வசிக்கும் என் அம்மா பத்தாண்டுகளாக இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிடுகிறார்; அவர் சைவம். பாதம் மரத்துப்போய், காலில் இருந்து செருப்பு கழன்றதுகூடத் தெரியாத நிலை. தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்டு குரோமியம், பாகற்காய் மாத்திரை என்று டப்பா டப்பாவாக வாங்கினோம். பலனில்லை. இரத்தத்தைச் சோதித்தபோதுதான் வைட்டமின் பி12 குறைந்திருப்பது தெரிந்தது. மெட்ஃபோர்மினை நெடுங்காலம் சாப்பிட்டால் பி12 உடலில் சேர்வது குறையக்கூடும். சைவ உணவில் அது ஏற்கெனவே குறைவு. ஊசி போட்ட சில மாதங்களில் மரமரப்பு தணிந்தது.

சத்து மாத்திரை உடலில் உள்ள குறையை நிரப்பும். இனிப்புநீர் மருந்துக்கு மாற்றாகாது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளில் வாங்குவோர், டப்பாவில் சுகாதார அமைச்சின் ‘எம்ஏஎல்’ (MAL) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மெட்ஃபோர்மின் சாப்பிடுபவர்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பி12 பரிசோதனை பற்றி மறக்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கிள்ளான்