கிளினிக் கொப்பியில் நாட்டு மருந்துக்கும் இடம் வேண்டும்

ஆவாரை, முடக்கொத்தான் ஆகிய இரண்டின் குடிநீரையும் வலிப்பு மருந்தான காபமசெப்பீனுடன் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்து இலங்கை ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆவாரை பெற்றவற்றின் குருதியில் அம்மருந்தின் அளவு ஏறத்தாழ 47 வீதம் உயர்ந்திருந்தது. முடக்கொத்தான் பெற்றவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இருக்கவில்லை. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் காபமசெப்பீன், பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகிய மருந்தாகையால், அந்த முடிவைப் புறந்தள்ளவும் இயலாது. வன்னியில் எளிதில் கிடைக்கும் இவ்விரு மூலிகைகளுள் ஒன்றே மருந்தின் அளவை மாற்றியது. எனவே நாட்டு மருந்து யாவும் தீங்கற்றவை என்பதும், யாவும் ஆபத்தானவை என்பதும் ஒருசேரப் பிழையான கூற்றுகளாகும்.

உட்கொண்ட மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் பணியைப் பெரும்பாலும் ஈரலிலுள்ள நொதியங்கள், அதாவது வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள், செய்கின்றன. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் அவற்றுட் சிலவற்றைத் தடுப்பதால், பெனிற்றோயின், புரொப்பிரனலோல் போன்ற மருந்துகள் குருதியில் கூடுதலாகத் தங்குகின்றன. எதிர்த்திசையிலும் இது நிகழும்: சங்கபுஷ்பி என்ற ஆயுர்வேதத் தயாரிப்பை உட்கொண்ட இருவருக்கு, பெனிற்றோயினால் அடங்கியிருந்த வலிப்பு மீண்டதைத் தொடர்ந்து ஆராய்ந்த இந்திய ஆய்வாளர்கள், அத்தயாரிப்பு மருந்தின் குருதி அளவைக் குறைப்பதை 1992இல் பதிவு செய்தனர். போரில் தலைக்காயமடைந்து வலிப்பு மருந்தில் வாழ்வோர் உள்ள மண்ணில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

சீனி வருத்தத்துக்கான குளோர்ப்புரொப்பமைட்டும் பாகற்காயும் சேர்ந்து ஒரு பெண்ணின் சீனியை மேலும் குறைத்ததை லான்செட் இதழ் 1979இலேயே வெளியிட்டது. கிளிக்கிளசைட் போன்ற சீனி வருத்த மாத்திரையோடு பாகற்சாற்றையும் குடித்துவிட்டு, உண்ணாமல் நண்பகல்வரை வயலில் நிற்கும் விவசாயிக்கு நேரக்கூடிய மயக்கத்தை, வெயிலின் குற்றமென்று வீட்டார் எண்ணிவிடவும் கூடும். தொண்டைக்கு இதமான அதிமதுரமோ, நாள்தோறும் மிகுதியாக உட்கொள்ளப்படின், உடலில் உப்பைத் தேக்கிப் பொற்றாசியத்தை வெளியேற்றுவதால், குருதி அழுத்த மருந்தின் பயனைக் கெடுக்கிறது. நீர்போக்கும் மாத்திரை எடுப்போரில் பொற்றாசியம் இதயத் துடிப்பே பிறழுமளவுக்குத் தாழலாம்.

இவற்றைக் காட்டிப் பரியாரிமாரைப் பழிப்பது நன்றிகேடாகும். 1990களின் பொருளாதாரத் தடையில் மருந்துகள் வன்னிக்கு வருவது கட்டுப்படுத்தப்பட்டபோதும், 2022இன் நெருக்கடியில் மருந்தகங்கள் வெறுமையானபோதும் மக்களுக்குக் கைகொடுத்தவற்றுள் நாட்டு மருத்துவமும் ஒன்று. ஏசப்படுவோம் என்ற அச்சத்தில் நோயாளர் அதை வைத்தியரிடம் மறைப்பதே ஆபத்தை வளர்க்கிறது. அந்த அச்சத்தை நீக்க வேண்டிய பொறுப்பு நோயாளருடையதன்று.

சித்த, ஆயுர்வேத மருத்துவம் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழும், மேலைத்தேய மருந்துகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் கீழும் தனித்தனியே நிற்கின்றன. எனினும் வடக்கில் சுகாதாரமும் சுதேச மருத்துவமும் ஒரே மாகாண அமைச்சின் பொறுப்பில் இருப்பதால், புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகள் வழங்கும் கிளினிக் கொப்பியில் நாட்டு மருந்துக்கென ஒரு பக்கம் ஒதுக்கப்பட வேண்டும். சித்த மருந்தகத்திலும் அதே கொப்பி காட்டப்பட்டு, அங்குள்ள வைத்தியர் தாம் கொடுப்பதை அதிலேயே எழுத வேண்டும். உள்ளடக்கம் அச்சிடப்படாத போத்தல் மருந்துகளுக்கும் பொடிகளுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தாது. அவை கடைகளிலிருந்து அகற்றப்பட வேண்டியவை.

வலிப்பு, சீனி வருத்தக் கிளினிக்குகளிலும், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியுள்ள வவுனியாவின் சிறுநீரகக் கிளினிக்கிலும் இதனை முதலில் தொடங்கலாம். அங்கு கேட்கப்பட வேண்டியது நாட்டு மருந்து எடுக்கிறீர்களா என்பதன்று. காலையில் என்ன குடிக்கிறீர்கள், என்ன கஞ்சி காய்ச்சுகிறீர்கள் என்பதே. இலைக்கஞ்சியை மருந்தென்று எண்ணாத ஒருவர், முதற்கேள்விக்கு இல்லை என்றே உண்மையாகப் பதிலளிப்பார்.