உண்டிச்சாலைப் பலகையில் ஊரைக் காணோம்!

விருந்து என்னும் தமிழ்ச்சொல்லின் முதற்பொருள் புதுமை. புதுவதாகப் புனையும் யாப்பினையும் விருந்து என்றே வகுத்தார் தொல்காப்பியர். புதிதாய் வந்தவன் விருந்தினன். அவனுக்கு இடும் உணவும் விருந்து. வந்தவனையும் அவன் இலையிற் படைக்கும் சோற்றையும் ஒரே சொல்லாற் சுட்டிய இனம் நம் இனம். அவ்வினம் வாழும் கடற்கரையில் இன்று புதியவன் ஒருவன் வந்திறங்கி, "இந்நாட்டு மெய்யான உணவு யாது?" என்று வினவினால், நாம் அவன் கையிற் கொடுக்கும் பட்டியலில் தமிழ் இருக்கிறதா? தமிழ்நிலமாவது இருக்கிறதா?

காரைக்காற் பகுதியில், திருமலைராயன்பட்டினத்தை அடுத்துக் கடலோரத்தில் அமைந்தது பட்டினச்சேரி. பட்டினம் என்பது கடற்கரையூர்க்குத் தமிழர் இட்ட பெயர். சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம். ஊர்ப்பெயரில் ஓரெழுத்தும் அயலன்று. அவ்வூர் மீனவரின் வலையில் வருவனவற்றின் பெயரும் அத்தகையனவே: வவ்வால், கொடுவா, நெத்திலி, மத்தி, கெளுத்தி, திருக்கை, சுறா, கணவாய், இறால், நண்டு. சுறாவை அவித்துத் தோல் களைந்து உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் மிளகும் கூட்டி வதக்கினால் சுறாப்புட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று அதைத் தேடிச் சமைத்துக் கொடுப்பது கடலோரத்துத் தாய்மாரின் வழக்கம். திருக்கையைப் புளியும் மிளகும் தூக்கலாக இட்டுக் குழம்பு வைப்பர். நெத்திலி வறுவலுக்கு ஆகும். எஞ்சியது வெயிலிற் காய்ந்து கருவாடாகும். முதல்நாள் வைத்த மீன்குழம்பு மறுநாட் காலையிற் பழஞ்சோற்றோடு சேரும்பொழுது பெறும் சுவையை இங்கே எழுதிக் காட்ட இயலாது, உண்டவர் அறிவர்.

இக்கடற்கரையிலிருந்து சிறிது நடந்து, காரைக்காலையும் நாகையையும் இணைக்கும் பெருஞ்சாலையில் ஏறிப் பாருங்கள். "மீல்சு ரெடி" என்று தமிழ் எழுத்தில் ஆங்கிலம் தொங்கும். உள்ளே சென்றால் பனீர் பட்டர் மசாலா, சிக்கன் டிக்கா, கோபி மஞ்சூரியன், பிரான் மஞ்சூரியன். நம் கடலின் இறால் நம் கரைக்கு வந்தவுடன் 'பிரான்' ஆகிவிடுகிறது. மஞ்சூரியாவின் பெயரையும் சுமந்துகொள்கிறது. பட்டினச்சேரி எங்கே, மஞ்சூரியா எங்கே?

ஒரு பெயரை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். பனீர் பாரசீகச் சொல், பட்டர் ஆங்கிலம், மசாலா அரபியிற் பிறந்து உருதுவின் வழியே வந்தது. மூன்று சொல், மூன்று மொழி. ஆயினும் சமைத்த முறை என்னவென்று மூன்றில் ஒன்றும் உரைக்கவில்லை. இனித் தமிழ்ப்பெயர்களைப் பாருங்கள். பொரித்தது பொரியல், வறுத்தது வறுவல், அவித்தது அவியல், துவைத்தது துவையல், மசித்தது மசியல், சுண்டியது சுண்டல், கூட்டியது கூட்டு, குழம்பியது குழம்பு. பெயரைச் சொல்லும்போதே அடுப்பில் நடந்த வினையும் சொல்லப்பட்டுவிடுகிறது. இத்தகைய சமையற் பாடம் எந்தப் பட்டியலில் கிடைக்கும்? தமிழறியாத புதியவனும் இவ்வெட்டுச் சொற்களைக் கற்றுக்கொண்டால், தமிழகத்தின் எந்த வீட்டிலும் தன் இலையில் விழுந்தது எப்படிச் சமைக்கப்பட்டதென்று அறிந்துகொள்வான். இந்த எளிய திறவுகோலை அவனிடமிருந்து பறித்து, அதற்கு ஈடாக 'மசாலா' என்னும் ஒற்றைப் பூட்டைக் கொடுக்கிறோம்.

'இந்திய உணவு' என்றொரு பெயரை உலகெங்கும் பரப்பியிருக்கின்றனர். அவ்வுணவு எந்த வீட்டு அடுப்பில் வெந்தது? வெண்ணெய்க்கோழி என்பது 1947 நாட்டுப் பிரிவினைக்குப்பின், பெசாவரிலிருந்து தில்லிக்கு வந்து கடைவைத்தவர்களால் பெயர்பெற்ற பண்டம். அதை முதலிற் செய்தவர் யார் என்று இரு உண்டிச்சாலைகள் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்காடிய செய்தி 2024 இல் உலகமெல்லாம் பேசப்பட்டது. மஞ்சூரியன் 1970களில் மும்பையில், சீனக்குடியிற் பிறந்த சமையற்காரர் ஒருவர் அமைத்தது. 'சிக்கன் டிக்கா மசாலா'வைப் பிரித்தானியரின் நாட்டுணவு என்றே 2001 இல் அந்நாட்டு அயலுறவு அமைச்சர் இராபின் குக்கு பெருமையோடு கூறினார். இலண்டனில் 'இந்தியன்' என்று பலகை மாட்டிய உண்டிச்சாலைகளில் மிகப்பலவற்றை நடத்தியவர் வங்காளதேசத்துச் சில்லெட்டுப் பகுதியினர். ஆக, கடைக்காரர் ஆக்கிய சில பண்டங்களின் தொகுதிக்கு ஒரு நாட்டின் பெயரைச் சூட்டி, அதுவே தொன்மையானது, மெய்யானது என்று புதியவனை நம்பவைத்துவிட்டனர். பஞ்சாபியன் தன் வீட்டில் தன் கோதுமையப்பத்தைத் தின்பதில் நமக்கு வழக்கொன்றுமில்லை. அவன் ஊரில் அதுவே முறை. நம் ஊரில் நம் குழம்பைத் தள்ளிவைத்து அதை முன்வைக்கிறோமே, அதுதான் கேடு.

புதியவனுக்கு உணவு காட்டும் கலையில் தமிழனை விஞ்சியவர் எவரும் இலர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. பரிசு பெற்ற ஒருவன், வறியனாய் எதிர்ப்படும் மற்றொருவனுக்கு, "இவ்வழியே போ, இன்ன ஊரில் இன்னது கிடைக்கும்" என்று வழிகூறுவது அது. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையைத் திறந்து பாருங்கள். கடலோரத்து எயிற்பட்டினத்தில் நுளையர் தரும் தேறலும் சுட்ட உலர்ந்த குழல்மீனும். வேலூரில் எயினர் குடியில் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும். மருதநிலத்து ஆமூரில் உழவர் இல்லத்தில் வெண்சோறும் நண்டுக் கலவையும். பெரும்பாணாற்றுப்படையோ இடையர் வீட்டுத் தினைச்சோற்றையும் பாலையும், அந்தணர் வீட்டு மாவடு ஊறுகாயையும்கூட விடவில்லை. நிலத்துக்கொரு சோறு, குடிக்கொரு கறி. நெய்தலுக்குப் போனவனுக்கு மீன். முல்லைக்குப் போனவனுக்குப் பால். எல்லா நிலத்துக்கும் பொதுவாக ஒரு செந்நிறக் குழம்பை ஊற்றித் தந்துவிடும் ஏமாற்று அங்கில்லை. நம் பட்டினச்சேரிக்கு வடக்கே இதே கடற்கரையிலுள்ள காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, பரதவர் கடல் இறாலைச் சுட்டும் வயலாமையை வேகவைத்தும் உண்டதைக் கூறுகிறது. கடலும் வயலும் ஒரே இலையில்! காவிரிக் கழிமுகத்தின் உணவுப்பட்டியல் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

அப்பாட்டில் 'கறி' என்பதற்கு மிளகு என்று பொருள். அச்சொல்லே பின்னர்க் காரமிட்டுச் சமைத்தவற்றுக்கெல்லாம் பெயராகி, போர்த்துக்கீசியர் வாயிற் புகுந்து ஆங்கிலத்துக்கும் சென்றது. 1747 இல் இலண்டனில் வெளிவந்த அன்னா கிளாசு அம்மையாரின் சமையல் நூலில் கறி சமைக்கும் முறை இருக்கிறது. மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயரின் விருந்துமேசையில் 'மல்லிகட்டானி'யாய் அமர்ந்தது. உலகத்தார் தமிழ்ச்சொல்லால் நம் உணவை அழைக்க, நாம் பிறர் சொல்லால் அழைக்கிறோம்!

இதனினும் நெஞ்சை அறுக்கும் செய்தி ஒன்றுண்டு. காரைக்காலார் கட்டாயம் எண்ணிப் பார்க்கவேண்டியது. 19 ஆம் நூற்றாண்டின் இடையில், புதுவையிலும் காரைக்காலிலும் தமிழ்க் கூலியாட்களைக் கப்பலேற்றினர் பிரெஞ்சியர். 1860 இல் பிரித்தானியரோடு உடன்படிக்கை செய்துகொண்டபின் அவ்வாணிகம் பெருகிற்று. கரும்புத் தோட்டத்துக்கென்று இரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் சென்ற அம்மக்கள் மொழியை இழந்தனர். பள்ளி இல்லை, நூல் இல்லை, பெயர்களும் மாறின. ஆயினும் அடுப்பங்கரையிற் சில சொற்கள் சாகவில்லை. இரீயூனியனில் இன்றும் அன்றாட உணவின் பெயர் கறியின் திரிபே. முருங்கைக்கீரை அங்கே சிதைந்தேனும் தன் தமிழ்ப்பெயரோடு கொதிக்கிறது. குவாதலூப்பில் 'கொலம்போ' என்னும் காரக்கறி நம் குழம்பின் பெயரே என்பார் பலர். சாட்டைக்கும் கடலுக்கும் தப்பிப் பிழைத்த சொற்கள் இவை. அம்மக்களின் கொள்ளுப்பேரன் ஒருவன் தன் முன்னோர் கப்பலேறிய துறையைக் காண இன்று காரைக்காலுக்கு வருவான் எனக் கொள்ளுங்கள். தன் பாட்டி காத்துவைத்த சொல்லைத் தேடிப் பட்டியலைப் புரட்டுவான். அவன் கண்ணிற் படுவது பனீர் பட்டர் மசாலா. அடிமைபோல் உழன்றவள் காத்ததை ஊரில் உரிமையோடு வாழ்ந்தவர் தொலைத்தனர் என்று அவன் எண்ணமாட்டானா?

பிரெஞ்சியர் 1739 இல் காரைக்காலிற் காலூன்றினர். இடையிடையே ஆங்கிலேயர் பறித்த ஆண்டுகள் நீங்க, 1954 வரை ஆண்டனர். அத்தனை ஆண்டிலும் நம் குழம்பு குழம்பாகவே இருந்தது. அவர்கள் போனபின், 1965 இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் வந்தபின், பெயர்கள் பறிபோகின்றன!

"அப்படியானால் மிளகாயையும் உருளைக்கிழங்கையும் தூக்கியெறிவீர்களோ? அவையும் அயல்நாட்டுப் பொருள்கள்தாமே?" என்று நம்மை மடக்குவதாக எண்ணிக் கேட்பார் உளர். நன்றாகக் கேட்டீர்கள். மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே வந்தது உண்மை. வந்த காயைக் கண்ட தமிழன், மிளகுபோற் காரும் காய் என்று நோக்கி மிளகாய் என்றான். கிழங்கைக் கண்டு உருளைக்கிழங்கு என்றான். நிலத்துக்குள் விளைந்ததை நிலக்கடலை என்றான். உயிருள்ள மொழி வந்த பொருளை இப்படித்தான் வீட்டுக்குள் சேர்க்கும். பொருளைப் பெயரிட்டு ஏற்றவன் தமிழன்; பொருளோடு பெயரையும் விலைக்கு வாங்குகிறவனை என்னென்பது? பாற்கட்டி என்றும் வெண்ணெய்க்கோழி என்றும் சொன்னால் வாய் வெந்துவிடுமோ? ஊன்சோறு என்னும் அழகிய சொல் இருக்கப் பிரியாணி எதற்கு?

"வருகிறவர்க்குத் தமிழ்ப்பெயர் விளங்காதே" என்பது கடைக்காரர் கூற்று. இட்டிலியும் தோசையும் எந்த மொழியிற் பெயர்க்கப்பட்டு உலகஞ் சுற்றின? இத்தாலியன் 'பீட்சா'வை மாற்றவில்லை; சப்பானியன் 'சுசி'யை மாற்றவில்லை. உண்டவன் பெயரைக் கற்றுக்கொண்டான். தமிழ்ப்பெயர்க்கு மட்டும் அந்தத் தகுதி இல்லையா? உண்டிவிடுதியைக் 'கிளப்பு' என்றெழுதிய வணிகரைத் தம் 'தமிழியக்க'த்தில் அன்றே கடிந்தார் பாவேந்தர். பட்டினச்சேரிக்கு அணித்தான நிரவியில் தமிழாசிரியராய்ப் பணிதொடங்கியவர் அவர்.

நாகையிற் காத்தான் என்பானது சோற்றுவிடுதியில் இலைபோடத் தாழ்த்ததற்காகக் காளமேகம் பாடிய வசை நாடறிந்தது. நேரந் தாழ்த்ததற்கே அந்தப் பாடு! 'மீல்சு ரெடி'யை அவர் கண்டிருந்தால் ஒரு பாட்டோடு நின்றிருக்கமாட்டார்.

காரைக்காலிற் பிறந்த புனிதவதியார் இல்லத்துக்குப் பசித்த அடியார் ஒருவர் வந்தபொழுது, சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. இருந்த மாங்கனியை இலையில் இட்டு விருந்தோம்பினார் அவ்வம்மையார். வீட்டில் இருந்ததை, நம் மரத்திற் பழுத்ததைப் படைத்தார். அதன் நினைவாகவே ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. ஆயிரக்கணக்கில் புதியவர்கள் காரைக்காலில் வந்து குவிகின்றனர்.

அன்பர்களே, வரும் ஆனிக்குள் ஒன்று செய்யுங்கள். காரைக்கால், நிரவி, திருமலைராயன்பட்டினம் உண்டிச்சாலைகளுக்கு இருவர் மூவராய்ச் செல்லுங்கள். அமர்ந்து, சுறாப்புட்டு உண்டா, திருக்கைக் குழம்பு உண்டா, நெத்திலி வறுவல் உண்டா என்று பெயர்சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் கடற்கரைக்கு வழிகாட்டுங்கள். உண்டென்றால் உண்டு, உரிய விலை கொடுத்து, அப்பெயரைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கு ஆளில்லையென்றால் சுண்ணக்கட்டியை நீங்களே கையில் எடுங்கள். 'மீல்சு ரெடி'யை அழித்த இடத்தில் 'உணவு உண்டு' என்று எழுதுங்கள். அதன்கீழ் அன்றைக்கு வலையில் வந்த மீனின் பெயரை எழுதுங்கள்.