அப்பாவிடம் கேளுங்கள்



ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் திரளும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நகரி, புத்தூர் பக்கத்துத் தெலுங்குக்காரர்களும் அரக்கோணம், திருவள்ளூர் பக்கத்து நம்மவர்களும் ஒரே குரலில் அரோகரா போடுவார்கள். காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு 365 படிகளையும் ஏறுகிற பெரியவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனையோ பேர். மூட்டு வலியைச் சொல்வார்கள், சர்க்கரையைச் சொல்வார்கள். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து ஒன்றுக்குப் போவதைப் பற்றி மட்டும் வீட்டில் மூச்சு விடமாட்டார்கள். கேட்டால், "வயசானா அப்படித்தான்."

பெரும்பாலும் அது உண்மைதான். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வயதாக ஆக வீங்கும். அது புற்றுநோய் அல்ல. மாத்திரையிலேயே பலருக்குச் சரியாகிறது. ஆனால் அதே சுரப்பியில் புற்றுநோயும் வரலாம். தொடக்கத்தில் அது வெளியே தெரிவதில்லை. முதுகும் இடுப்பும் வலித்து மருத்துவரிடம் போகும்போது எலும்புக்குப் பரவியிருக்கும். நம் நாட்டில் பலர் அந்த நிலையில்தான் வருகிறார்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கே 2025 மே மாதம் இந்த நோய் கண்டறியப்பட்டபோது எலும்பு வரை போயிருந்தது.

இதைக் கண்டறிய உதவும் பி.எஸ்.ஏ. என்றொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அப்படியானால் எல்லோருக்கும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஐரோப்பாவின் 8 நாடுகளில் 55 முதல் 69 வயது வரையுள்ள 1,62,000 ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2025 அக்டோபரில் வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்த நோயால் சாவது 13 சதவீதம் குறைந்திருந்தது. 456 பேரை அழைத்தால் ஒரு உயிர் தப்புகிறது. அந்த ஒருவர் நம் வீட்டுக்காரராக இருந்தால் அது சின்னக் கணக்கில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கத் தொல்லையே தராத கட்டிகளும் இதில் அகப்படுகின்றன. அவற்றுக்கும் அறுவை சிகிச்சை செய்து, சிறுநீரை அடக்க முடியாமல் அவதிப்படுகிறவர்கள் உண்டு. சுரப்பியைத் தாண்டாத நோயுள்ளவர்களைப் பிரிட்டனில் 15 ஆண்டுகள் கவனித்தார்கள். உடனே சிகிச்சை எடுத்தவர்களிலும், முதலில் கண்காணிப்பில் இருந்தவர்களிலும் நூற்றுக்கு 97 பேர் இந்த நோயால் இறக்கவில்லை.

ஆகவே, விளம்பரத்தைப் பார்த்து 'முழு உடல் பரிசோதனை'க்கு ஓட வேண்டாம் என்பதே என் கருத்து. ஐம்பதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் நாற்பத்தைந்திலேயே பேசுங்கள். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சில குடும்பங்களில் இரண்டுக்கும் வேர் ஒரே மரபணு. பி.எஸ்.ஏ. கூடியிருந்தால் உடனே புற்றுநோய் என்று இடிந்துபோக வேண்டாம். கிருமித் தொற்றிலும் அது கூடும்.

திருத்தணிக்காரர்களுக்குப் போக இடமில்லாமல் இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டு உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இயங்குகிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஒரு பக்கம் வேலூர், மறுபக்கம் திருப்பதி மருத்துவமனைகள்.

தடை தூரமல்ல, கூச்சம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வீட்டு வாசலுக்கே வருகிறது. வருகிறவர் பெரும்பாலும் மகள் வயதுப் பெண். அவரிடம் பிரஷர் பார்க்கக் கை நீட்டுகிற பெரியவர் இதை எப்படிச் சொல்வார்? அவர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மகன்களே, மருமகன்களே, இந்த வாரமே நீங்கள் பேச்சைத் தொடங்குங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்