ஐம்பது வயதில் எல் போர்டு

"அமெரிக்காவோ லண்டனோ, ரெண்டும் வெள்ளைக்காரன் ஊர்தானே, உனக்கு என்னடி கஷ்டம்?" என்று மதுரையிலிருந்து சித்தி கேட்கிறார். நாங்கள் இருப்பது லண்டன் இல்லை, ரெடிங் என்று பலமுறை சொல்லியாச்சு. சித்திக்கு ஹீத்ரோவில் இறங்கினால் எல்லாம் லண்டன்தான். ஃபோனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிகிற கஷ்டமாக இருந்தால் சொல்லியிருப்பேன். முடியாததால் எழுதுகிறேன்.

நியூ ஜெர்சி எடிசனில் இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம். பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். நானும் வீட்டுக்காரரும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள். அவர் ஆபீஸில் இங்கே மாற்றல் போட்டார்கள், வந்துவிட்டோம். வரும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அங்கேயும் இங்கிலீஷ், இங்கேயும் இங்கிலீஷ், பத்து நாளில் பழகிவிடும்.

குளியலறையில் ஆரம்பிக்கிறேன். வாஷ் பேசினில் இரண்டு குழாய், ஒன்று இந்தக் கோடி, இன்னொன்று அந்தக் கோடி. ஒன்றில் கை வெந்துபோகிற வெந்நீர், மற்றதில் எலும்பைக் கடிக்கிற பச்சைத்தண்ணீர். காரணம் கேட்டால் சொல்கிறார்கள்: பச்சைத்தண்ணீர் தெருக்குழாயிலிருந்து நேராக வருகிற குடிதண்ணீர், வெந்நீர், அந்தக் காலத்தில் பரணில் வைத்திருந்த தொட்டியிலிருந்து இறங்கி வருவது, தொட்டித் தண்ணீர் குடிதண்ணீரோடு கலக்கக் கூடாது. சரி, தொட்டிக்காலம் பல வீட்டில் முடிந்து பாய்லர் வந்தாச்சு. குழாயை மட்டும் ஏன் இன்னும் சேர்த்துவைக்க மனசு வரவில்லை? கடைசியில் ஒரு வாளியும் சொம்பும் வாங்கிவந்து, பாட்டி காலத்து மாதிரி விளாவித்தான் முகம் கழுவுகிறேன். அந்த அறையில் பிளக் பாயின்ட்டும் கிடையாது. ஷவரிலிருந்து இரண்டரை மீட்டருக்குள் சாக்கெட் வைக்க விதி இடம் தராது, இந்த ஊர்க் குளியலறையில் இரண்டரை மீட்டருக்கு எங்கே போவது? தலை காய வைக்கப் படுக்கையறைக்கு ஓட வேண்டும். விளக்குக்குக்கூட மேலேயிருந்து தொங்குகிற கயிற்றை இழுக்க வேண்டும்.

வாஷிங் மெஷின் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில். துணி காய்வது ரேடியேட்டர் மேல். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஈரத்துணி, ஜன்னலில் நீர்த்துளி, சுவர் மூலையில் கருப்பாகப் பூசணம். இதற்கு அந்தாண்டை கோடையில் ஏசி கிடையாது, ஜன்னலுக்குக் கொசுவலை கிடையாது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி கொளுத்தியது. "அதெல்லாம் என்றைக்காவது ஒருநாள்" என்கிறார்கள்.

இதையெல்லாம் நான் பெரிதுபடுத்தவில்லை. மதுரையில் இதைவிடக் குறைந்த வசதியில் வளர்ந்தவள்தான். என்னை நிஜமாகவே அழவைத்தது கிரைண்டர்.

அமெரிக்காவில் வீட்டுக்கு 120 வோல்ட். அதனால் அங்கே நம்மவர்கள் 110 வோல்ட் கிரைண்டர்தான் எங்கே கிடைக்கும் என்று தேடி, இந்தியாவில் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குவோம். நானும் அப்படி வாங்கியதுதான், டில்டிங் கிரைண்டர், கல் நன்றாகப் பழகி மாவு வெண்ணெய் மாதிரி வரும். அதைப் பஞ்சில் சுற்றிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தோம். இங்கே 230 வோல்ட். பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார், அவரிடம்தான் விசாரித்தேன்.

"அக்கா, உது இஞ்சை சரிவராது. கறண்டைக் குடுத்த உடனை மோட்டர் எரிஞ்சு போயிடும்."

"டிரான்ஸ்ஃபார்மர் போட்டா ஓடாதா தம்பி?"

"வோல்டேஜைக் குறைக்கலாம் அக்கா. அமெரிக்காவிலை அறுபது சைக்கிள், இஞ்சை அம்பது. அதை டிரான்ஸ்ஃபார்மர் மாத்தாது. மோட்டர் மெதுவாச் சுத்தும், சூடேறும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. கல்யாணத்துக்குச் சீராக வந்த மிக்ஸியை, அமெரிக்காவில் ஓடாது என்று மதுரையிலேயே விட்டுவிட்டுப் போனேன். இங்கே பிளக்கை மட்டும் மாற்றினால் அது ஜம்மென்று ஓடியிருக்கும். எந்த ஊருக்கு ஏற்றபடி என்னை மாற்றிக்கொண்டேனோ அந்த ஊரை விட்டு வந்தாச்சு. விட்டுவந்த பொருளோ இங்கே பொருந்துகிறது! கிரைண்டர் இப்போது ஷெட்டில் கிடக்கிறது. விற்கலாம் என்றால் வாங்குகிறவன் அமெரிக்காவில் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கடைக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருக்கும். 1994-ல் போட்ட சட்டம். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை அன்றைக்கு ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். தலைவலி மாத்திரை வாங்கினால் பதினாறு மாத்திரை கொண்ட அட்டை இரண்டுதான் தருவார்கள், மூன்றாவதை எடுத்தால் பில் போடும் பெண் எடுத்து வைத்துவிடுகிறாள். யாரும் அவசரத்தில் மொத்தமாக விழுங்கிவிடக் கூடாதென்று 1998-ல் கொண்டுவந்த கட்டுப்பாடாம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஐந்நூறு மாத்திரை டப்பா வாங்கிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி விஷயத்திலும் வாயை மூடிக்கொள்கிறேன். காலை எட்டு மணிக்கு ஃபோனைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்குத் தவம் கிடக்கிறோம் என்றாலும், வெளியே வரும்போது பில் நீட்டுகிறவர் யாரும் இல்லை. விசா வாங்கும்போதே தலைக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு கட்டிவிட்டோம் என்பது வேறு விஷயம்.

என் ஆதங்கம் இதற்கு மேல்தான்.

வீடு வாடகைக்குக் கேட்டால் இங்கத்திய வங்கிக் கணக்கு காட்டு என்றார்கள். வங்கிக்குப் போனால் முகவரிக்கு ஆதாரம் காட்டு என்றார்கள். முகவரி ஆதாரம் கரண்ட் பில்லில் இருக்கிறது, கரண்ட் பில் வர வீடு வேண்டும். அமெரிக்காவில் ஒரு தவணை தவறாமல் வீட்டுக்கடன் கட்டிச் சேர்த்த கிரெடிட் ஸ்கோரை எடுத்துக் காட்டினேன். ஏஜென்சிப் பையன் அதைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை. இங்கே வரலாறு இல்லாதவர்கள் என்று ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டி வாங்கிக்கொண்டுதான் சாவி கொடுத்தார்கள்.

கிரெடிட் ஸ்கோர் ஏற வேண்டுமென்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார் ஒருவர். இங்கேதான் வயிற்றெரிச்சல் ஆரம்பம். எதிர்வீட்டில் கோயம்புத்தூர்க்காரப் பையன் ஒருவன், விசாவில் வந்து இன்னும் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. அவனுக்குப் பார்லிமென்ட் தேர்தலில் ஓட்டு உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு இங்கே குடியிருந்தால் ஓட்டுப் போடலாம். இந்தியா, இலங்கை, நைஜீரியா யாராக இருந்தாலும் சரி. அமெரிக்கா காமன்வெல்த்தில் இல்லை. ஆக, இந்தியராகவே இருந்திருந்தால் எனக்கு வந்திருக்கும் உரிமை, வரிசையில் நின்று, பரீட்சை எழுதி, உறுதிமொழி எடுத்து அமெரிக்கர் ஆனதால் போயிற்று. கையிலிருக்கும் ஓசிஐ அட்டை குடியுரிமைக் கணக்கில் வராது. 2024-ல் தேர்தல் நடந்த தேதியைப் பாருங்கள்: ஜூலை 4. அமெரிக்கச் சுதந்திர தினம்! "ஆன்ட்டி, நீங்க ஓட்டுப் போட வரலியா?" என்று அந்தப் பையன் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டுப் போனான்.

சரி, இங்கே அமெரிக்கராக இருப்பதில் லாபம் இல்லை, போகட்டும். அமெரிக்காவாவது விடுகிறதா என்றால் அதுவும் இல்லை. உலகத்தில் எங்கே குடியிருந்தாலும் தன் குடிமக்களிடம் வரிக்கணக்குக் கேட்கிற நாடு அது. எரித்ரியாவைத் தவிர வேறு கூட்டாளி அதற்குக் கிடையாது. இங்கத்திய வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் பிறக்கிறது, அங்கத்தியது ஜனவரி 1-ல். ஒரே சம்பளத்தை இரண்டு விதமாக வெட்டி ஒட்டிக் கணக்கு எழுத வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலருக்கு மேல் ஒருநாள் இருந்துவிட்டாலும் அதற்குத் தனிப் படிவம். 2010-ல் அவர்கள் போட்ட சட்டத்தால் இங்கே எந்த வங்கியும் "நீங்கள் அமெரிக்கக் குடிமக்களா?" என்று கேட்ட பிறகுதான் மேலே பேசுகிறது. ஊரே வருஷத்துக்கு 20,000 பவுண்டு வரை வரியில்லாமல் ஐசா கணக்கில் சேமிக்கிறது; அமெரிக்க வரித்துறைக்கு அது வரியில்லாத சேமிப்பு இல்லை. நியூயார்க்கில் பிறந்த போரிஸ் ஜான்சன் லண்டன் மேயராக இருந்தபோதே, லண்டன் வீட்டை விற்ற லாபத்துக்கு அமெரிக்கா வரி கேட்டது. கட்ட மாட்டேன் என்று 2014-ல் குதித்தவர், அதற்கப்புறம் சத்தமில்லாமல் கணக்கை முடித்துக்கொண்டார், பிறகு அந்தக் குடியுரிமையையே விட்டுவிட்டார். மேயருக்கே அந்தக் கதி.

கடைசியாக லைசென்ஸ். பனி கொட்டுகிற ஜனவரியில் நியூ ஜெர்சி டர்ன்பைக்கில், இருபக்கமும் பதினெட்டுச் சக்கர லாரி உறும வண்டி ஓட்டியவள் நான். ஒரு விபத்து கிடையாது, ஒரு டிக்கெட் கிடையாது. அந்த லைசென்ஸுக்கு இங்கே ஆயுள் 12 மாதம். அதுவரை மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் தனியாகப் போகலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். கெடு முடிந்த மறுநாள் அதே கண், அதே கை, அதே கார். ஆனால் முக்குக்கடைக்குப் பால் வாங்கப் போவதென்றால்கூட பிரொவிஷனல் லைசென்ஸ் எடுத்து, எல் போர்டு மாட்டி, பக்கத்தில் மூன்று வருஷம் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரரை உட்காரவைக்கலாமே என்பீர்கள். அவரும் எல் போர்டுதான்! ஜப்பான், சிங்கப்பூர், கனடா, ஜிம்பாப்வேக்காரர்கள் படிவம் கொடுத்து லைசென்ஸை மாற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலில் அமெரிக்காவும் இல்லை, இந்தியாவும் இல்லை.

எனவே ஐம்பது வயதில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகம் படிக்கிறேன். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும். அதோடு 14 வீடியோ காட்டி, ஆபத்து தலைகாட்டுகிறபோது மவுஸைத் தட்டச் சொல்வார்கள். வெள்ளை வட்டத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, எண் எதுவும் இருக்காது. ஒற்றைச் சாலையில் அதற்கு 60 மைல் வரை போகலாம் என்று பொருள். அந்தப் பலகை நிற்பது எங்கே தெரியுமா? இருபுறமும் வேலி உயர்ந்து, எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்னால் நகர்ந்தே தீர வேண்டிய சந்தில். ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். டெஸ்ட்டுக்குக் கட்டணம் 62 பவுண்டு. தேதி கிடைப்பது மாசக்கணக்கில். இருக்கிற தேதிகளை மொத்தமாகப் பிடித்துக் கூடுதல் விலைக்கு விற்கிற தரகர்கள் வேறு. விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டி ஓட்டிக் காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறேன். அதைப் பார்க்கத்தான் தேதி இல்லையாம்.

அமெரிக்காவிலிருந்து இந்தப் பக்கம் மாற்றலாகி வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். பெட்டி பிரிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வந்த வாரமே பிரொவிஷனல் லைசென்ஸுக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வையும் முடித்து டெஸ்ட்டுக்குப் பதிந்துவிடுங்கள். நீங்கள் தேதிக்காகக் காத்திருக்கிற மாதங்களும் அந்தப் பன்னிரண்டில்தான் கழியும்.